ஜெப நேரத்து அணில்

பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். எந்தப் பயலும் இந்த வேதமுத்து வாத்தியாரை ஏய்த்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஓர் அணில் ஏய்த்துவிட்டது.

என் மனைவி சாலோமி குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, கொல்லைப்பக்கத்து ஜன்னலோரம் நாற்காலியே கதியென்று கிடக்கிறாள். பேச்சு குறைந்துவிட்டது, சிரிப்பு அடியோடு நின்றுவிட்டது. சிட்டுக்குருவி வந்தாலாவது முகம் தெளியட்டும் என்று, ஜன்னலுக்கு எதிரே கம்பியில் ஒரு மண்சட்டியைத் தொங்கவிட்டுக் கம்பும் தினையும் போட்டேன். குருவிகள் வந்தன. பின்னாலேயே அணிலும் வந்தது. ஒரு தானிய மணிகூட மிச்சம் வைக்கவில்லை. குருவிகள் வெறும் சட்டியைக் கொத்திப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டன.

கம்பியில் விளக்கெண்ணெய் தடவினேன். வழுக்கிக்கொண்டே வந்தது. தகரத்தை வட்டமாக வெட்டி மேலே மாட்டினேன். முருங்கைக் கிளையிலிருந்து நேரே சட்டிக்குள் குதித்தது. கிளையை வெட்டினேன். சாம்பாருக்குக் காய் இல்லாமல் போனதுதான் மிச்சம்.

"சார்வாள், தானியத்துல வத்தப்பொடியப் பெரட்டி வைங்க. பறவைக்கு உறைக்காது, அணிலு திரும்பிப் பாக்காது" என்றான் மேலப்பாளையத்து இப்ராஹிம், சாலோமியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் ஆட்டோக்காரன். பிரட்டினேன். தும்மித் தும்மி என் மூக்குதான் சிவந்தது. அணில் சட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போயிற்று.

அதற்குப் பிறகு நாளெல்லாம் காவல் இருந்தேன், அப்படியும் சட்டி காலியானது; எப்போதுதான் வருகிறது? யோசித்துப் பார்த்ததில் பிடிபட்டது. காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் நாங்கள் கண்ணை மூடி ஜெபம் பண்ணும் நேரம்! என் ஜெபம் கொஞ்சம் நீளம். பேரப்பிள்ளைகளில் தொடங்கிச் சபைக் குருவானவர் வரை பேர் சொல்லி ஒப்புக்கொடுத்து முடிப்பதற்குள் அணில் குடும்பமே பந்தி முடித்துவிடலாம்.

மறுநாள் மடியில் ஒரு பிரம்பை வைத்துக்கொண்டு ஜெபத்தைத் தொடங்கினேன். பாதியில் ஒற்றைக் கண்ணைத் திறந்தேன். ஆண்டவர் மன்னிக்கட்டும்.

அணில் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. சாலோமி கம்பி வழியே கையை நீட்டியிருந்தாள். விரல் நுனியில் முந்திரிக்கொத்து. எனக்கு இனிப்பு ஆகாதென்று ஒளித்து வைத்திருந்தாளே, அதே முந்திரிக்கொத்து!

"ஏட்டி!" என்று கத்தினேன். அணில் ஓடிவிட்டது.

"ஜெபத்துல கண்ணத் தொறக்கலாமா?" என்றாள்.

"நீ மட்டும் தொறக்கலாமா? நான் இங்கன கெடந்து அல்லாடுதேன், நீ அதுக்குப் பலகாரம் குடுக்கியா? ஒனக்காகத்தான குருவிய வரவச்சேன்!"

"குருவி என்னையக் கண்டா பறந்துருது. இதுதான் கிட்ட வந்து உக்காருது. காலைல ஆண்டவர்கிட்டப் பேசுதீங்க. பொறவு நாளெல்லாம் அணில ஏசுதீங்க. நான் விழுந்ததுல இருந்து எங்கிட்ட 'மாத்திரை போட்டியா'ங்கதத் தவிர என்ன பேசியிருக்கீங்க?"

கோபம் இறங்கவில்லை. ஆனால் அது இப்போது அணில் மேல் இல்லை, என் மேல்.

பிரம்பை மூலையில் போட்டுவிட்டு, என் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இட்லி ஆறிக்கொண்டிருந்தது.

"அந்தக் களவாணிக்கு எல்லாத்தையுமா குடுத்த?" என்று கேட்டேன்.

மடியில் சேலைக்குள் இருந்த டப்பாவைத் திறந்து பார்த்தாள். "ஒண்ணு கெடக்கு. பாதிதான் தருவேன்" என்றபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆமென் சொல்லாமலேயே வாங்கித் தின்றேன்.