உரிக்காத ஸ்டிக்கர்

1

இது என் கதை இல்லை. சிட்னியின் குவேக்கர்ஸ் ஹில்லில் என் அண்ணன் பேர்னாட் ஒவ்வொரு விருந்திலும் சொல்லிச் சிரிக்கவைக்கும் கதை. மாலை எழுத்து வகுப்புக்கு வேறு எதுவும் சிக்காததால் எடுத்துக்கொண்டேன். கதையில் வரும் காரின் பின் ஆசனத்தில் நானும் இருந்தேன். ஆனாலும் நம்பிக்கையில்லை: ஐரோப்பா என்றால் வகுப்பில் பனிமலை எதிர்பார்ப்பார்கள். என்னிடம் இருப்பது ஒரு பெற்றோல் நிலையம்.

2

முதல் தொடக்கம்: 'ஆல்ப்ஸ் மலைகள் வெள்ளி முடி தரித்து...' வேண்டாம். மழை. மலை தெரியவில்லை.

இரண்டாவது: ஜெர்மனியில் எடுத்த வாடகைக் காரில் சுவிஸ் எல்லையை நெருங்கினோம். அண்ணன் ஓட்டினார். பக்கத்தில் அண்ணி அன்னமலர். அன்று காலை சுவிஸில் அண்ணியின் தங்கை ஜெனோஜாவுக்கு மாதா கோயிலில் கலியாணம். தகப்பன் இல்லாத பிள்ளை. கைபிடித்துப் பீடத்துக்குக் கூட்டிப்போவது அண்ணிதான் என்று முடிவாகியிருந்தது. எல்லைக்கு முன் பெற்றோல் நிலையத்துப் பெண்ணிடம் சுவிஸ் நெடுஞ்சாலைச் சுங்க ஸ்டிக்கரை வாங்கினோம். அண்ணன் அதை உரிக்காமல், பின்தாளோடு செலோடேப் போட்டுக் கண்ணாடியில் பொருத்தினார்.

"உரிச்சு ஒட்டுங்கோ எண்டு அந்தப் பிள்ளை சொன்னவள் எல்லே?" என்றார் அண்ணி.

"உரிச்சா வாடகைக் காரோட போயிடுமப்பா. வருசம் முழுக்கச் செல்லும். ஓகஸ்ற்றில என்ர சிநேகிதன் விக்னராஜா சுவிஸுக்கு வாறான், அவனுக்குக் குடுக்கலாம்."

(அண்ணன் வீட்டு டிவி ரிமோட் இன்னும் பொலித்தீன் உறைக்குள்தான் இருக்கிறது. சோபாவும். இந்த அடைப்புக்குறியை வெட்டச் சொன்னார் ஆசிரியை. வெட்டினால் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் மிஞ்சாது.)

3

எல்லையில் அதிகாரி எட்டிப் பார்த்தார். ஒட்டாத ஸ்டிக்கர் செல்லாது. தண்டம் கட்டி, புதிது வாங்கிப் போகலாம் என்றார். சின்ன வேலை. அண்ணன் இறங்கி, சிட்னியில் டோல் கருவியை எந்தக் காருக்கும் மாற்றலாம் என்று விரிவுரை நடத்தினார். மேலதிகாரியைக் கேட்டார். மேலதிகாரி வரும்வரை ஓரமாக நின்றோம்.

"இஞ்சாருங்கோ, நேரம் போகுது," என்றார் அண்ணி காருக்குள்ளிருந்து.

"பொறுமப்பா. நியாயம் எண்டு ஒண்டு இருக்கு."

அண்ணியின் மடியில் பூச்செண்டு... இல்லை, அது நான் சேர்த்தது. கோயில் வாசலில் மாற்றவென்று கொண்டுவந்த புதுச் செருப்புப் பெட்டி.

4

முடிவு அ: மேலதிகாரி சல்யூட் அடித்து வழிவிடுகிறார். இது அண்ணன் விருந்துகளில் சொல்லும் முடிவு.

முடிவு ஆ: அண்ணி இறங்கி, ஸ்டிக்கரை உரித்துக் கண்ணாடியில் அறைகிறார். வகுப்பில் கைதட்டுவார்கள். ஆனால் அண்ணி சீட் பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை.

நடந்தது: தண்டம் கட்டி, புதிது வாங்கி ஒட்டினோம். போய்ச் சேர்ந்தபோது கோயில் வாசலில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜெனோஜா தனியாகவே நடந்தாளாம். அண்ணி செருப்புப் பெட்டியைத் திறக்கவேயில்லை.

5

ஓகஸ்ற்றில் விக்னராஜா ரயிலில் போனான். ஸ்டிக்கர் அண்ணன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருக்கிறது, அதே பின்தாளோடு.

வாற ஞாயிறு விருந்து. நீங்களும் வாருங்கள். அண்ணனின் கதையில் மேலதிகாரி சல்யூட் அடித்ததும் எல்லோரும் சிரிப்பார்கள். அப்போது கேளுங்கள்: "கலியாணத்துக்கு நேரத்துக்குப் போனீங்களோ?" விருந்தாளியை அண்ணன் கோபிக்கமாட்டார். ஆனால் அவரைப் பார்த்துக் கேட்காதீர்கள். அண்ணி சமைக்கும் குசினியின் வாசலைப் பார்த்துக் கேளுங்கள். அங்கே நிற்பவர் என்ன சொல்கிறாரோ, அதை இதற்குக் கீழே நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.