மரத்தில் கட்டாத ரிப்பன்

அமெரிக்காவின் பிட்டர்ரூட் மலையில் தனியாகத்தான் வேட்டைக்குப் போவேன். பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் நின்ற கருங்கரடியைச் சுட்டேன், விழுந்தது. இறங்கி ஏறிப் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனது. அங்கே எல்லாப் புதரும் ஒன்றுபோல இருந்தது. திரும்பிப் பார்த்து இடம் கண்டுபிடிக்கத்தான் சுட்ட இடத்து மரத்தில் ஆரஞ்சு ரிப்பன் கட்டிவிட்டுப் போவோம். என் ரிப்பன் சட்டைப்பையிலேயே இருந்தது. இருட்டும்வரை தேடிவிட்டு வீடு திரும்பினேன்.

மறுநாள் நல்ல வெயில். வேறு வழியில்லாமல் நண்பன் ஹார்லனைக் கூட்டிவந்தேன். சுட்ட இடத்தில் நின்று நான் கைகாட்ட, எதிர்ச்சரிவில் அவன் தேடினான்.

“கெடச்சிருச்சுடா, சூரப்புலி!” என்று கத்தினான். “கறியெல்லாம் நாறிப்போச்சு. நேத்து நீ ரொட்டி தின்ன காகிதம் மட்டும் பக்கத்துலயே பத்திரமா இருக்கு!”