நாலாம் எண் வெளியே வரவில்லை

எனக்குப் பிரியாவிடை என்று ஓக்லாந்துத் தமிழ்ச் சனம் முழுவதற்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும்தான் தெரியாது.

ஆட்டத்தன்று காலை, அணி தங்கியிருந்த ஹோட்டலுக்கு அம்மா போன் எடுத்தார். "நிருஜா, அரக்குச் சீலை உடுக்கட்டோ, பச்சை உடுக்கட்டோ? உன்ர பிரியாவிடையை டீவியில காட்டுவினமாம்."

"ஆருக்கம்மா பிரியாவிடை?"

போன் அப்பாவின் கைக்குப் போனது.

எனக்கு முப்பத்தைந்து வயது. பன்னிரண்டு வருடங்களாக நியூசிலாந்துப் பெண்கள் கால்பந்து அணியில் தடுப்பாட்டக்காரி. அதில் பாதிக்காலம் தலைவி. போன மாதம் பயிற்சியாளர் என்னைக் கூப்பிட்டு, ஓய்வு பெறலாமே என்றார். அடுத்த உலகக் கிண்ணம் முடியட்டும், நானே போகிறேன் என்றேன். நன்றாகத் தலையாட்டினார். பிறகு நேரே சான்ட்ரிங்ஹாமுக்குக் காரை விட்டு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்.

எங்கள் ஆட்களிடம் மகளைப் பற்றிய எதையும் தகப்பனிடம் கேட்பதுதான் மரியாதை என்று யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். தேசிய அணியின் பயிற்சியாளர் வீடு தேடி வந்து, அம்மா சுட்ட வடையையும் சாப்பிட்டால் அப்பாவுக்குத் தலைகால் புரியுமா? கலியாணம் பேசி முடிக்கிற மாதிரி, இரண்டு பேருமாக என் ஓய்வைப் பேசி முடித்துவிட்டார்கள்.

"அறுபதாம் நிமிசம் உன்னை வெளியில எடுப்பினம்," என்றார் அப்பா. "நான் வந்து பொன்னாடை போத்துறன். மரியாதையாப் போறதுதானே நல்லது?"

"நான் போறன் எண்டு ஆரப்பா சொன்னது?"

"நான் சொல்லிப்போட்டன், பிள்ளை."

கோபத்தில் போனை வைத்துவிட்டேன்.

அறுபதாம் நிமிடம் பந்து வெளியே போனதும் எல்லைக்கோட்டில் எண் பலகையைத் தூக்கினார்கள். சிவப்பில் நான்கு. என் எண். ஒலிபெருக்கி என் பெயரைச் சொன்னது, சனம் எழுந்து கைதட்டியது. அப்பா கோட் சூட் போட்டு, பொன்னாடையும் கையுமாக நின்றார். வழக்கப்படி நான் தலைவியின் கைப்பட்டையைக் கழற்றி இன்னொருத்திக்குக் கட்டிவிட்டு, அழுதுகொண்டே வெளியே நடக்க வேண்டும்.

நான் அசையவில்லை.

நடுவர் ஓடிவந்தார். "நீங்கள் வெளியே போக வேண்டும்."

"போகமாட்டேன்."

இந்த விதி பலருக்குத் தெரியாது. மாற்றப்படுகிறவர் வெளியேற மறுத்தால் ஆட்டம் தொடர வேண்டியதுதான். யாரும் கையைப் பிடித்து இழுக்க முடியாது. நடுவருக்குத் தெரிந்திருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு விசில் ஊதினார்.

கைதட்டல் அரைகுறையாக நின்றது. பயிற்சியாளர் கத்திப் பார்த்தார். பிறகு அப்பாவின் தோளில் கைபோட்டு, எல்லைக்கோட்டருகே கூட்டிவந்தார்.

"வா பிள்ளை. சனம் பாக்குது," என்றார் அப்பா.

"பாக்கட்டும். பாக்கத்தானே டிக்கெட் எடுத்து வந்திருக்கினம்."

அதற்குப் பிறகு அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. நான் கோல் போடவில்லை. எதிரணியின் பத்தொன்பது வயது முன்வரிசைக்காரி ஒரு தடவை என்னைத் தாண்டிப் போனாள். இரண்டாம் தடவை விடவில்லை. கோலே இல்லாமல் ஆட்டம் முடிந்தது.

பயிற்சியாளர் வெளுத்த முகத்தோடு வந்தார். "இனி இந்த அணிக்கு உன்னை அழைக்கமாட்டேன்."

"அழைக்க வேண்டாம். அது உங்கள் அதிகாரம். ஆனால் நீங்கள் நீக்கியதாகவே சொல்லுங்கள். நானாக விலகினேன் என்று ஒருவரிடமும் சொல்லக்கூடாது."

அவர் என்னை விட்டுவிட்டு அப்பாவிடம் திரும்பினார். "மிஸ்டர் குலசிங்கம், நீங்கள் ஒப்புக்கொண்டீர்களே?"

அப்பா பொன்னாடையை மடித்துக் கக்கத்தில் வைத்தார். தன் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: "விளையாடுவது அவள். அவளைக் கேளுங்கள்."

பயிற்சியாளர் போய்விட்டார். நான் புல்லில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினேன். அப்பா மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. அவருக்கும் அது தெரிந்தது.

"நான் உன்னட்டைக் கேட்டிருக்கவேணும்," என்றார்.

"ஓம். கேட்டிருக்கவேணும்."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாய்?"

"ஏலாது எண்டுதான்."