பெட்டி தூக்க ஆறு பேர்

அப்பாவின் வலது கையைச் சட்டைக்குள் நுழைக்க முடியாமல் நெல்டா திணறிக்கொண்டிருந்தாள். முழங்கை மடங்கவில்லை.

"முதுகுப் பக்கம் கிழிச்சிரணும்மா," என்றார் சாப். அடக்கக் கூடத்தின் சொந்தக்காரர். ஊரில் பாதிப் பேருக்குக் கடைசியாகத் தலை சீவிவிட்டவர். "காலர்லருந்து கீழ வரைக்கும். எல்லாருக்கும் அப்படித்தான் போட்டுவிடுறது. முன்னாடி பாத்தா ஒண்ணும் தெரியாது."

"இந்தச் சட்டையையா?"

"கோட்டா இருந்தாலும் அப்படித்தான்."

அது வால்ட்ரிப் பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் பச்சைச் சட்டை. நெஞ்சில் பொன்னிற எண். ஆறு வருஷத்துக்கு முன் அணி கோப்பை வாங்கியபோது ஒடெல் ப்ரூயிட் வாங்கியது. ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் மட்டும் போடுவார். அணி ஜெயித்துக்கொண்டே போனால் துவைக்கவும் விட மாட்டார். செத்தால் இதைத்தான் போட்டுவிட வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை காலை, முகத்தில் பாதி சோப்பு நுரையோடு, கண்ணாடி முன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அடக்கத்தை வெள்ளிக்கிழமைக்கு வைத்தார்கள். மறுநாள் உள்ளூரில் ஆட்டம். ஆட்ட நாளில் அந்த ஊரில் கல்யாணமும் வைக்க மாட்டார்கள், பிணமும் எடுக்க மாட்டார்கள்.

"குடுங்க கத்திரிய," என்றாள் நெல்டா. கோழி ஆலையில் பத்தொன்பது வருஷமாக எலும்பு உருவுகிறவள். ஒரே இழுப்பில் நேராகக் கிழித்தாள்.

பக்கத்துக் கொட்டகையில் சாப்பின் ஓட்டுநர் பிண வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். அவன் ரேடியோ சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது என்று சொல்ல முடியாது, கத்திக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்கு அணியைப் பற்றிய விசாரணை அறிக்கை வெளியாகியிருந்தது. மரம் அறுக்கும் மில்லின் முதலாளி ராய்ஸ் கிட்ரெல், மைதானத்து வடக்கு வாசலில் பெயர் பொறித்திருக்கும் அந்தப் பெரிய கொடையாளர், அணியின் பையன்கள் தன் மில்லில் வேலை பார்த்ததாகக் காட்டி வருஷக்கணக்கில் சம்பளம் கொடுத்திருக்கிறார். ஒரு பையன்கூட மில் வாசலை மிதித்ததில்லை. கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு இப்படிக் காசு கொடுப்பது விதிப்படி குற்றம். கோப்பை வாங்கிய வருஷத்துப் பதினொரு வெற்றிகளும் ரத்து. கோப்பையும் போயிற்று.

ரசிகர்கள் வரிசையாக ரேடியோவுக்குப் போன் போட்டார்கள்.

"அந்த வருஷத்த என் தோள்ல பச்ச குத்திருக்கேன்யா. இப்ப என்ன பண்ணட்டும், தோல உரிக்கவா?"

"கோச் பேரத்தான் எம் மவனுக்கு வச்சேன். பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன்னு கார்லயே உக்காந்து அழுவுறான்."

"எல்லாக் காலேஜும்தான் குடுக்குது. மாட்டுனது நாம. உள்ள இருந்த எவனோ வாயத் தொறந்திருக்கான். அவன் யாருன்னு மட்டும் சொல்லுங்க, மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்."

"நான் மைதானத்துல இருந்தேன். மழைல நனஞ்சேன். கண்ணால பாத்தேன். அது நடக்கவே இல்லன்னு எப்படிய்யா சொல்லுவீங்க?" இவன் நிஜமாகவே அழுதான்.

நெல்டாவின் கை நின்றுவிட்டது. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். சாப் சட்டையின் ஓரத்தை முதுகுக்குக் கீழே செருகிக்கொண்டிருந்தார்.

அடுத்த குரல் அவளுக்குத் தெரிந்த குரல்.

"நான் ஹாய்ட் மேபின் பேசறேன். நான் கத்தறதுக்குக் கூப்புடல. இன்னைக்கி மத்தியானம் என் சிநேகிதன அடக்கம் பண்றோம். நாப்பது வருஷம் ஆட்டத்தன்னைக்கி மைதானத்து வாசல்ல ஒரே கூடாரம் போட்டு, ஒரே அடுப்புல சுட்டுத் தின்னவங்க. அவன் பெட்டிய நான்தான் முன்னால பிடிக்கப் போறேன். ஒண்ணே ஒண்ணுதான் சொல்ல வந்தேன். நல்ல வேள, இத கேக்காம போயிட்டான். கேட்டிருந்தா நெஞ்சு வெடிச்சிருக்கும்."

"பாவம் ஹாய்ட் மாமா," என்றாள் நெல்டா.

ரேடியோக்காரன் அனுதாபமாக ஏதோ சொன்னான். பிறகு தாள் புரளும் சத்தம். "ஹாய்ட், லைன்லயே இருங்க. அறிக்கையோட பின்னிணைப்பு இப்பதான் கைக்கு வந்துச்சு. சாட்சி சொன்னவர் கையெழுத்து அப்படியே இருக்கு. மில்லுல ஃபோர்மேனா இருந்தவராம். மார்ச் மாசம் தானா வந்து, அஞ்சு செருப்பு டப்பா நிறைய பஞ்ச் கார்டு, வேலைக்கு வந்த நேரம் போன நேரம் மிஷின்ல அடிக்கிற அட்ட, குடுத்திருக்காரு. பேரு... ஒடெல் ப்ரூயிட். ஹாய்ட், இவர உங்களுக்குத் தெரியுமா?"

ரேடியோவில் யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பிறகு போனை வைக்கும் சத்தம்.

கொட்டகையில் தண்ணீர்க் குழாய் நின்றது. ஓட்டுநர் கதவருகே வந்து உள்ளே எட்டிப் பார்த்தான். மேசைமேல் கிடந்த மனிதரைப் பார்த்தான். நெல்டாவைப் பார்த்தான். மறுபடி கொட்டகைக்குப் போய் ரேடியோவை அணைத்தான்.

"கை பட்டனை மட்டும் போட்டுருவோமா?" என்றார் சாப்.

நெல்டா பட்டனைத் தேடினாள். அந்தச் சட்டைக்குக் கையில் பட்டனே கிடையாது.

*

தேவாலயத்துச் சமையலறையில் அம்மா இமோஜீன் கறுப்பு உடையோடு நின்று பன்றி இறைச்சித் துண்டுகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சாவு வீட்டுக்காரர் அடக்கத்துக்குப் பிறகு சாப்பிட, சபைப் பெண்கள் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவருவது வழக்கம். சுவரில் ஒட்டிய தாளில் பதினாறு பெயர் எழுதியிருந்தது. மேசையில் நாலு பாத்திரம் இருந்தது.

"அம்மா, ரேடியோல..."

"தெரியும்."

"ரேடியோல சொன்னது தெரியுமா, இல்ல அவர் பண்ணது தெரியுமா?"

"மார்ச் மாசம் அவருக்கு வெள்ளச் சட்ட தேய்ச்சுக் குடுத்தது நான்தான். ரெண்டு நாள் போனாரு. கார்ல டப்பா ஏத்துனதும் நான்தான்." இமோஜீன் தட்டைத் துணியால் மூடினாள். "அந்தக் கார்டெல்லாம் எரிக்கச் சொல்லித்தான் கிட்ரெல் குடுத்துவிட்டான். உங்கப்பா எரிக்கல. மனசு வரல. பூரா ஆட்டக்காரப் பசங்க பேரு. நாலு பேர் கார்டு அவரே அடிச்சது. காலைல வந்ததும் அடிப்பாரு, சாயங்காலம் போறப்ப அடிப்பாரு. என்னமோ பெத்த புள்ளைக்குப் போர்வ போத்துறாப்ல. அதுல தப்பு இருக்குன்னு ஒருத்தனும் நெனைக்கல. நான் நெனச்சனா? நானும் நெனைக்கல."

"அப்புறம் எதுக்குப் போய்ச் சொன்னாரு?"

"கர்டிஸ் கை போச்சில்ல."

நெல்டாவுக்கு அந்த விபத்து தெரியும். மில்லில் அறுத்த ஈரப் பலகைகள் சங்கிலியில் ஓடி வரும். இரண்டு பக்கமும் ஆள் நின்று இழுத்து அடுக்க வேண்டும். கோப்பை வாங்கிய வருஷம், நவம்பரில், கர்டிஸ் பெல்லின் இடது கை சங்கிலியோடு போயிற்று. கவனக்குறைவு என்று எழுதி, நஷ்டஈட்டை மறுத்துவிட்டார்கள்.

"அந்த எடத்துல ஆறு பேர் நின்னதா தாள்ல இருக்கு," என்றாள் அம்மா. "நின்னது ரெண்டு பேரு. மிச்ச நாலும் உங்கப்பா அடிச்ச கார்டு. விபத்துத் தாள்லயும் ஆறுன்னே கையெழுத்துப் போட்டாரு. ஆறு பேர் நிக்கிற எடத்துல ஒருத்தன் கைய விட்டான்னா அவன் தப்புத்தானன்னு தீத்துட்டானுங்க. அன்னைலருந்து இவருக்குத் தூக்கம் சரியில்ல. ஆனாலும் சனிக்கிழமயானா அந்தப் பச்சச் சட்டையப் போட்டுக்கிட்டுக் கெளம்பிருவாரு. நான் ஒண்ணும் கேட்டுக்கிட்டதில்ல."

நெல்டா ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். இந்த ஆறு வருஷமும் நன்றி சொல்லும் பண்டிகை நாளில் அப்பா கர்டிஸ் வீட்டுக்கு ஒரு வான்கோழி கொண்டுபோய்க் கொடுப்பார். வண்டியில் அவளும் போயிருக்கிறாள். எவ்வளவு நல்ல மனுஷர் என்று நினைத்திருக்கிறாள்.

சபை அலுவலகத்துப் போன் அடித்தது. பெட்டி தூக்க வேண்டிய ஆறு பேரில் ஒருவர். முதுகு பிடித்துக்கொண்டதாம். அடுத்தவருக்கு வண்டி கிளம்பவில்லையாம். மூன்றாமவரின் மனைவிதான் பேசினாள். சாக்கு ஒன்றும் சொல்லாமல், "அவரு வர மாட்டாரு, நெல்டா," என்று வைத்துவிட்டாள். நெல்டாவுக்கு அவள்மேல்தான் கொஞ்சம் மரியாதை வந்தது. மற்ற இருவர் போன்கூடச் செய்யவில்லை.

ஹாய்ட் நேரில் வந்தார். பின்வாசல் வழியாக. கறுப்புக் கோட்டு, பச்சை டை, சிவந்த கண்.

"அந்தச் சட்டைய கழட்டு, நெல்டா."

"என்ன மாமா?"

"கோட்டு போட்டுப் பொத. வேட்டைக்குப் போற சட்டையப் போட்டுப் பொத. அது வேணாம். அதப் போட்டுக்கிட்டு அவன் உள்ள போகக் கூடாது."

"அது அவரு சட்ட."

"அவன் சட்டையா? மார்ச்சுல போய்ச் சொல்லிட்டு, ஆகஸ்ட் வரைக்கும் என் வீட்டுத் தாழ்வாரத்துல உக்காந்து, இந்த வருஷம் அணியோட தற்காப்பு வரிச எப்படின்னு பேசிக்கிட்டு இருந்தான். என் கையால பீர் வாங்கிக் குடிச்சான்." குரல் உடைந்தது. "இன்னைக்கி மாகாணமே கேட்டுச்சு, நெல்டா. ரேடியோல நான் பேசுனத மாகாணமே கேட்டுச்சு. கோமாளி ஆக்கிட்டான் என்ன."

"கர்டிஸ் கையப் பத்தி உங்களுக்குத் தெரியுமா, மாமா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

நெல்டா சொன்னாள். ஹாய்ட் கேட்டார். முகத்தில் ஏதோ அசைந்தது, பிறகு மூடிக்கொண்டது.

"கர்டிஸ்கிட்டப் போய் நேரா சொல்லிருக்கலாம்ல? அதுக்குக் கோப்பையக் குடுக்கணுமா?"

அவர் சொன்னதில் பாதி அவளுக்கும் சரியென்றே பட்டது. அதுதான் அதிகம் வலித்தது.

"சட்ட முதுகுல கிழிச்சாச்சு, மாமா," என்றாள். "இனி கழட்டுனாலும் யாரும் போட முடியாது. நீங்க தூக்குறீங்களா, இல்லையா?"

ஹாய்ட் டையை அவிழ்த்தார். அதைச் சுருட்டி, கர்ச்சீப்பைப்போல் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்த வழியே வெளியே போனார்.

*

இரண்டு மணிக்கு முப்பது வரிசை இருக்கையில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாதிரியார் சுருக்கமாகவே பேசினார். வாழ்க்கை என்றார், உழைப்பு என்றார். ஃபுட்பால் என்ற வார்த்தை ஒருமுறைகூட வரவில்லை. அதைச் சொல்லாமல் ஒடெல் ப்ரூயிட்டைப் பற்றிப் பேசுவது சிரமமாகத்தான் இருந்தது; நடுவில் இரண்டு தடவை நிறுத்தித் தண்ணீர் குடித்தார்.

முடிந்தபோது சாப் அவளிடம் குனிந்தார். "நானும் என் ஓட்டுநரும் இருக்கோம். இன்னும் நாலு பேர் வேணும்மா. வண்டி மேட்டு மேல ஏறாது. குழி வரைக்கும் தூக்கித்தான் ஆகணும்."

"நான் ஒரு ஆளு."

"இன்னும் மூணு."

கதவு திறந்தது. மூன்று பேர் வந்தார்கள், வேலை உடையில், பூட்ஸில் மரத்தூளோடு. முன்னால் வந்தவரின் இடது கைச் சட்டை முழங்கைக்கு மேல் மடித்துக் குத்தியிருந்தது. கர்டிஸ் பெல் நேராக இமோஜீனிடம் வந்தார். பெட்டியைப் பார்க்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும்க்கா. தானாப் போய்ச் சொன்னாரா, இல்ல அவங்க கண்டுபிடிச்சு இழுத்துட்டுப் போனாங்களா?"

"தானாத்தான் போனாரு, கர்டிஸ்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"தெரியல. ஒவ்வொரு தடவயும் வான்கோழியத் தூக்கிட்டுக் கெளம்பறப்போ இன்னைக்கிச் சொல்லிருவேன்னுதான் போவாரு."

கர்டிஸ் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். "சங்கிலில நிக்கிறப்போ மத்த நாலு பேர் எங்கன்னு கேப்போம். பயிற்சில இருக்கானுங்கன்னு சிரிப்பாரு. நாங்களும் சிரிப்போம். நம்ம பசங்கதானேன்னு. அந்தக் கோப்ப ஆட்டத்த ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்து பாத்தேன். கை தட்ட முடியல. தொடையத் தட்டுனேன்." நெல்டாவின் பக்கம் திரும்பினார். "மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத. விபத்துத் தாள்லயும் ஆறுன்னு போட்டது காலைலதான் தெரிஞ்சுது, எனக்கே இன்னும் உள்ள எறங்கல. தூக்க ஆள் இல்லன்னு சொன்னாங்க. அதான் வந்தோம்."

வலது கையால் பிடிக்க வசதியாகப் பெட்டியின் இடப்புறம் போய் நின்றார். அவருக்குப் பின்னால் நெல்டா. எதிர்ப்புறம் மில்காரர்கள் இருவரும் சாப்பும். நெல்டாவுக்குப் பின்னால் ஓட்டுநர். வெளியே, நிறுத்துமிடத்தின் கோடியில் ஹாய்ட்டின் வண்டி நின்றது. அது அவர்களோடு வரவும் இல்லை, கிளம்பிப் போகவும் இல்லை.

மேடு ஏறும்போது பெட்டி பின்னால் இழுத்தது. பிடி நெல்டாவின் விரல்களை அறுத்தது. முன்னால் கர்டிஸின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "மெதுவா," என்றார் அவர், மில்லில் சொல்வதுபோல், "அவசரமில்ல. எல்லாரும் ஒண்ணா."

செம்மண் குழியோரம் இறக்கிவைத்தார்கள். பாதிரியார் தொப்பியைக் கழற்றிவிட்டு ஜெபத்தைத் தொடங்கினார். எல்லோரும் தலை குனிந்தார்கள்.

அப்போது மைதானத்துப் பக்கமிருந்து, நாளைய ஆட்டத்துக்காகக் கல்லூரி பேண்ட் ஒத்திகை பார்க்கும் சத்தம் காற்றில் வந்தது. முதலில் பித்தளை வாத்தியங்கள், பிறகு பெரிய முரசு. பாதிரியார் குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

குனிந்த தலையோடு நெல்டா அம்மாவின் கால்களைப் பார்த்தாள். கறுப்பு உடையின் விளிம்புக்குக் கீழே, வலது ஷூவின் நுனி எழுந்து எழுந்து தாழ்ந்தது. முரசோடு சேர்ந்து. அம்மாவின் கண்கள் மூடியிருந்தன, உதடு ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. கர்டிஸும் அதைப் பார்த்தார் என்று நெல்டாவுக்குத் தெரிந்தது. இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

ஈரச் செம்மண்ணில், ஷூ நுனிக்குக் கீழே, சின்னதாக ஒரு பள்ளம் விழுந்துகொண்டிருந்தது.