கலிப்பருக்குச் சிவப்பு

அலோய் வீல் போட்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. பழைய இரும்பு வீல் இருந்தவரை உள்ளே இருப்பது எதுவும் வெளியே தெரிந்ததில்லை. யட்டியாந்தோட்டை பஜாரில் யாரோ கழற்றிப் போட்டிருந்த அலோய் வீல்களை வாங்கி மாட்டிய பிறகு, வீலைப் பிடித்து நிறுத்தும் முன்பக்கத்து பிரேக் கலிப்பர் இரண்டும் துருவேறிப் பழுப்பாகத் தெரிந்தன.

"கல்யாணக் காரு இப்படியா இருக்கிறது?" என்றார் யேசுதாசன். "சிவப்பு அடிச்சிருவோம் புள்ள. வெள்ளைக் காருக்கு உள்ளுக்குள்ள சிவப்புத் தெரிஞ்சா எடுப்பா இருக்கும்."

மகள் அனோஜா தலையாட்டினாள். அடுத்த சனிக்கிழமை அவளுக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முன் அப்பாவிடம் சொல்லியாக வேண்டிய ஒன்று அவளிடம் இருந்தது. அதைச் சொல்லாமலே அவள் நாட்களைக் கடத்திக்கொண்டிருந்தாள்.

யேசுதாசன் ரப்பர் தோட்டத்து லொறி டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மாரியம்மன் கோயிலென்றாலும் மாதா கோயிலென்றாலும், அந்தத் தோட்டத்தில் கல்யாணப் பெண்ணை லொறியின் முன் சீட்டில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்குவது அவர்தான். பெண் ஏறுவதற்கு முன் சீட்டைத் துடைத்து ஒரு வெள்ளைத் துணி விரிப்பார். பள்ளத்தில் குலுங்கித் தலைப்பூ கலைந்துவிடக் கூடாது என்று, பின்னால் நிற்கிற சொந்தக்காரர்கள் எவ்வளவு கத்தினாலும் ஊர்ந்துதான் போவார். சொந்த மகளைச் சொந்தக் காரில் கொண்டுபோய் இறக்க வேண்டும் என்பது அனோஜா தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்தே அவர் சொல்லிவந்த பேச்சு.

ஆனால் சீனி வியாதி அவருடைய கால்களை மரத்துப்போகச் செய்துவிட்டது. முதலில் பாதத்தில் உணர்வு போனது, பிறகு கைவிரல் நுனிகளில். நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தால்கூட அவருக்குத் தெரியாது. ஒற்றைச் செருப்போடு, தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலில் வந்து நிற்பார். பிரேக்கை எவ்வளவு மிதிக்கிறோம் என்பது காலுக்கே தெரியாதபோது வாகனம் ஓட்டக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"கோயிலுக்கு மூணு மைல் எறக்கம். தூங்கிக்கிட்டே போவேன்" என்பது யேசுதாசனின் பதில்.

அம்மா அருள்செல்வி கார் சாவியை அரிசி வாளிக்குள் ஒளித்துவைத்தாள். அவர் கேட்டதும் அவளே எடுத்துக் கொடுத்தாள். பிறகு மகளைப் பின்பக்கம் கூப்பிட்டுச் சொன்னாள்.

"நான் சொன்னா சண்டை வரும். நீ சொன்னா அழுவாரு. எது நல்லதுனு நீயே பாத்துக்க."

அனோஜா அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மாவின் தம்பி ஸ்ரான்லியிடம் போய், கல்யாணத்தன்று காரை ஓட்ட வர முடியுமா என்று கேட்டாள். அவர் பஜாரில் திரீவீல் ஓட்டுகிறவர்.

"வர்றேன் புள்ள. ஒனக்கு ஓட்டாம வேற யாருக்கு ஓட்டப்போறேன்? ஆனா மச்சான்கிட்ட மொதல்ல நீ சொல்லிரு. நான் பாட்டுக்குப் போயி அந்த சீட்டுல குந்துனா என்னையத் தூக்கி ரோட்டோரத்துக் கானுக்குள்ள போட்டுருவாரு."

இது நடந்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் யேசுதாசன் வேலையைத் தொடங்கினார். லயத்துக்குக் கீழே, ரோட்டோரத்துச் சமதரையில் கார் நின்றது. ஜக் போட்டுத் தூக்கி, வீலைக் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் கலிப்பரின் துருவைத் தேய்த்தார். துரு மாவாக உதிர்ந்தது. அனோஜா பெயின்ட் துடைக்கத் தின்னர் நனைத்த துணியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

கலிப்பர் கவ்விப் பிடிக்கும் டிஸ்க்கில் பெயின்ட் படக் கூடாது. பட்டால் பிரேக் பிடிக்காது. பஜாரில் அதற்கென்று ஒட்டும் டேப் உண்டு. ஆனால் அந்தத் தோட்டத்தில் டேப் வாங்குவதை யாரும் கேள்விப்பட்டதில்லை. ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்கும்போது கண்ணாடியில் ரப்பர் பாலைத் தடவிவிடுவார்கள். அது காய்ந்து தோலாகிவிடும். வேலை முடிந்ததும் உரித்துப் போடுவார்கள். டிஸ்க்குக்கும் அதுதான்.

பால்வெட்டுக்காரியான அருள்செல்வி ஒரு ஜாம் போத்தலில் பால் கொண்டுவந்து வைத்தாள்.

"தோட்டத்துத் தொரைக்குத் தெரிஞ்சா என்னையத்தான் களவுகாரினு சொல்லுவாரு."

"கேட்டா, மருமகனுக்குக் காப்பி போட எடுத்தேன்னு சொல்லு" என்றார் யேசுதாசன்.

"மருமகன் குடிச்சிட்டு அவங்க ஊரு கலவானைக்கே ஓடிருவாரு. அப்புறம் ஒங்க பொண்ணை நீங்களே வச்சுக்கங்க."

"வச்சுக்கிறேன். எனக்கு என்னா கஷ்டமா?"

அருள்செல்வி சிரித்துக்கொண்டே படியேறினாள். சிரிப்பு பாதியில் நின்றதை அனோஜா பார்த்தாள்.

யேசுதாசன் பிரஷ்ஷைப் பாலில் தோய்த்து டிஸ்க்கின் வெளிப்பக்கம் பூசினார். உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாது. தலையைச் சாய்த்து, கையை வளைத்து உள்ளே விட்டுப் பூசினார். வெயிலில் பால் மெல்ல மஞ்சளாகிக் கண்ணாடிபோலத் தெளிந்தது. பிறகு சிவப்பைத் திறந்தார். முதல் பூச்சுக்கே கலிப்பர் பளிச்சென்று வந்தது.

"பாத்தியா?"

"நல்லா இருக்குப்பா."

அவருடைய ஆள்காட்டி விரல் முழுக்கச் சிவப்பாக இருந்தது. அனோஜா துணியை நீட்டினாள். அவர் துடைத்தார். மறுபடியும் சிவப்பு வந்தது. மறுபடி துடைத்தார். அது பெயின்ட் இல்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கம்பி பிரஷ் விரலைக் கிழித்திருந்தது. வெட்டுக் காயத்தில் தின்னர் பட்டால் பெரிய ஆம்பிளைகளே துள்ளிக் குதிப்பார்கள். அவரோ பெயின்ட் டின்னின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அப்பா, கையக் குடுங்க."

"என்னாத்துக்கு?" என்று கையைத் திருப்பிப் பார்த்தார். "அட."

அவள் தாவணி நுனியைக் கிழித்துக் கட்டிவிட்டாள். இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். வாயைத் திறந்தாள்.

"அந்தப் பக்கமும் இதே மாதிரி வரணும்" என்றார் அவர். "எறங்குறப்போ எந்தப் பக்கத்துலருந்து போட்டோ பிடிப்பானுங்களோ தெரியாது."

அவள் பால் போத்தலை எடுத்து அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தாள்.

திங்கட்கிழமை காலையில் அவரே தனியாக உட்கார்ந்து பால்தோலை உரித்தார். அனோஜா வேலை செய்யும் கடையிலிருந்து வந்தபோது வீல்கள் மாட்டப்பட்டிருந்தன. உரித்த தோல்களைச் சுருட்டி, சிரட்டையில் போட்டு, மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலோடு நிறுக்கக் கொடு என்று அருள்செல்வியிடம் கொடுத்திருந்தார். வீல் கம்பிகளுக்கு நடுவே கலிப்பர் செவ்வரத்தம்பூப்போலச் சிவந்து தெரிந்தது. அன்று பின்னேரமே மழை பிடித்துக்கொண்டது. மரங்கள் நனைந்துவிட்டதால் அதற்குப் பிறகு பால்வெட்டு இல்லை.

புதன்கிழமை மழை சற்று ஓய்ந்தபோது, காரை ஒருதரம் இறக்கத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். தனியாக விட மனமில்லாமல் அனோஜா பக்கத்து சீட்டில் ஏறினாள். அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"அங்க குந்து. பொண்ணு பின்னாலதான்."

"இன்னைக்கு நான் பொண்ணு இல்லப்பா. டிரைவர் மகள்."

அவர் சிரித்தார். கார் மெல்ல இறங்கியது. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விதத்தில் பழைய லொறிக்காரர் தெரிந்தார். முதுகு நிமிர்ந்திருந்தது. அந்த ஒரு நிமிடம் அனோஜாவுக்கு, டாக்டர் சொன்னது தப்பாக இருக்கக் கூடாதா என்றிருந்தது.

முதல் வளைவில் ரப்பர் கருகும் வாசனை வந்தது. அந்தத் தோட்டத்தில் அது புதிதல்ல. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்டுக் காயவைக்கும் ஸ்டோரிலிருந்து வருகிற வாசனைதான் அங்கே காற்று. சட்டையிலும் தலைமுடியிலும் சோற்றிலும் அது இருக்கும். அதனால் இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

இரண்டாவது வளைவில் அவர் பிரேக் பிடித்தார். கார் நிற்காமல் வலப்பக்கம் இழுத்தது. வலப்பக்கம் பள்ளம்.

"அப்பா."

அவர் பதறவில்லை. கியரைக் குறைத்தார். இஞ்சின் உறுமியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். கார் ரோட்டு விளிம்பின் புல்லில் ஏறி நின்றது. கண்ணாடிக்கு அப்பால் மரங்களின் உச்சிகள் மட்டும் தெரிந்தன.

யேசுதாசன் குனிந்து தன் காலைப் பார்த்தார். கால் பிரேக்கின் மேல்தான் இருக்கிறதா என்று பார்த்தார். பாதி பிரேக்கிலும் பாதி வெளியிலும் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஸ்டோர்ல பொகை போட்டிருக்காங்க போல" என்றார். "நாத்தம் இங்க வரைக்கும் வருது."

ஆமாம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் சனிக்கிழமை அவர்தான் ஓட்டுவார்.

"திங்கக்கிழமைலருந்து பால்வெட்டு இல்லியேப்பா" என்றாள் அனோஜா. "ஸ்டோர்ல நெருப்பே இல்ல."

 அவர் இறங்கிப்போய், பிடிக்காமல் விட்ட இடப்பக்கத்து வீலின் அருகில் உட்கார்ந்து, பின்னாலிருந்து கையை உள்ளே விட்டார்.

"சூடா இருக்கும்பா, தொடாதீங்க" என்று அவள் ஓடிவருவதற்குள் கையை எடுத்துவிட்டார். விரல்களில் கறுத்துப்போன ரப்பர் இழை பிசுபிசுவென்று நீண்டு வந்தது. உள்பக்கத்துத் தோல் உரிக்கப்படவேயில்லை.

"உரிச்சிட்டு ரெண்டு தடவை தடவிப் பாத்தேனே" என்றார். "ஒண்ணுமே இல்லாமத்தான இருந்திச்சு."

விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தார். ரப்பர் ஒட்டிக்கொண்டு பிரிந்தது. அதுவும் அவருக்குத் தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"ஸ்ரான்லிக்கு சனிக்கிழமை ஓட்டம் ஏதும் இருக்குமா?"

"மாமாகிட்ட சொல்லிட்டேன்ப்பா."

"எப்ப?"

"போன மாசம்."

"பெயின்ட் அடிக்கிறதுக்கு முந்தியே."

"ம்."

மழை மறுபடி தூறத் தொடங்கியது. அவர் எழுந்து, கையைப் புல்லில் துடைத்துக்கொண்டு, சாவியை அவளிடம் கொடுத்தார்.

"சீட்டுல வெள்ளைத் துணி விரிக்கச் சொல்லு. அவன் மறந்துருவான்."

காரை அங்கேயே விட்டுவிட்டு இருவரும் ஏற்றத்தில் நடந்தார்கள். வழியில் அவருடைய இடது செருப்பு கழன்று கிடந்தது. அனோஜா அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். லயத்து வாசலில் அவர் கால் கழுவப் போனபோது பக்கத்தில் வைத்தாள்.

மறுநாள் ஸ்ரான்லி வந்து மிச்ச ரப்பரைச் சுரண்டி எடுத்து, காரை லயத்துக்குக் கொண்டுவந்தார். சனிக்கிழமை காலையில் பின் சீட்டில் வெள்ளைத் துணியை யேசுதாசனே விரித்தார். இரண்டு தரம் சுருக்கம் நீவினார். ஸ்ரான்லி வெள்ளைச் சட்டையோடு கதவருகே தயங்கி நின்றார்.

"மச்சான், நீங்க சொல்லுங்க. எந்த கியர்ல போறது?"

"ரெண்டாவது வளைவுல மட்டும் பாத்துப் போ" என்றார் யேசுதாசன். "பூவு கலையக் கூடாது."

அவர் முன் சீட்டில் ஸ்ரான்லியின் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் அனோஜாவும் அருள்செல்வியும். ஒவ்வொரு வளைவிலும் அப்பாவின் வலது கால் கீழே கிடந்த கால்விரிப்பை மிதிப்பதை அனோஜா சீட்டின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். ஸ்ரான்லி பிரேக்கில் கால் வைப்பதற்கு முன்பே அவர் மிதித்தார். அருள்செல்வியும் அதைப் பார்த்தாள். மகளின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மாதா கோயில் வாசல் முழுக்கச் சேறு. ஸ்ரான்லி இறங்குவதற்குள் யேசுதாசன் இறங்கிவந்து மகளுக்காகக் கதவைத் திறந்தார். அனோஜா சேலையைத் தூக்கிப் பிடித்து இறங்கினாள். அப்பாவின் புதுச் சப்பாத்து ஒன்று இரண்டடி தள்ளிச் சேற்றில் புதைந்து கிடந்தது. அவர் ஒரு காலில் வெறும் சொக்ஸோடு, கம்பீரமாக, கதவைப் பிடித்தபடி நின்றார். படிக்கட்டில் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் நின்றார்கள். கமராக்காரன் கிட்டே வந்துகொண்டிருந்தான்.

அனோஜா சப்பாத்தை எடுத்தாள். சேலை மடிப்பால் அதை மறைத்துக்கொண்டு அப்பாவின் காலடியில் மண்டியிட்டு, பாதத்தைத் தூக்கி உள்ளே நுழைத்து, லேஸைக் கட்டினாள். அவள் ஆசீர்வாதம் வாங்குகிறாள் என்று நினைத்துப் படிக்கட்டில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். யேசுதாசனும் அப்படித்தான் நினைத்தார். அவளுடைய பூவில் படாமல், நெற்றிக்குச் சற்று மேலே கையை வைத்தார்.

"நல்லா இருக்கணும் புள்ள."

அவள் தலை நிமிராமல் இரண்டாவது முடிச்சையும் போட்டாள்.

"செவப்பு தெரியுதா?" என்று அவர் குனிந்து மெல்லக் கேட்டார். "போட்டோவுல விழுமா?"

அனோஜா வீலைப் பார்த்தாள். கம்பிகளுக்கு நடுவே முழுக்கச் சேறு அப்பியிருந்தது.

"நல்லாத் தெரியுதுப்பா" என்றாள்.