தோல்கின் கல்லூரிப் பக்கமே போனதில்லை

"எங்க வீட்டு விருந்துல குதிரைக்கறி சாப்பிட்டியா, இல்லையா?"

"சாப்பிட்டேன்டி. வயிறாரச் சாப்பிட்டேன். இன்னைக்கு வர்ற அதிகாரியம்மாகிட்ட அதையே சொல்லட்டுமா?"

"சொல்லித்தான் பாரேன்! நாக்கு இருக்காது."

முதலில் கத்தியது மூன்றாம் மாடி பால்ஜான். பதில் கொடுத்தது அவளுடைய எதிர்வீட்டுக்காரி உல்பிகே. நான் இரண்டாம் மாடி. கம்பளம் தட்டத்தான் முற்றத்துக்கு இறங்கியிருந்தேன். சண்டை முடிகிற வழியாக இல்லாததால் அதே கம்பளத்தை மூன்றாவது முறையாகத் தட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் கராகாண்டியின் மார்ச் குளிரில் வேறெதற்காக ஒரு மனுஷி வெளியே நிற்பாள்?

விஷயம் இதுதான். மூன்று வருஷத்துக்கு முன் பால்ஜானின் மகள் தோல்கின் பொருளாதாரத்தில் சிவப்பு அட்டைப் பட்டம் வாங்கினாள். முதல் தரத்தில் தேறியவர்களுக்கு மட்டும்தான் சிவப்பு அட்டை. கட்டடமே விருந்து சாப்பிட்டது. அன்று பால்ஜான் உல்பிகேயைக் கதவோரம் உட்காரவைத்து, தேநீரைக் கிண்ணத்தின் விளிம்புவரை ஊற்றினாள். எங்கள் பக்கம் பாதிக் கிண்ணம் ஊற்றினால் 'இன்னும் இரு' என்று அர்த்தம். நிறைய ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு.' அது போதாதென்று, "உங்க பொண்ணு மரால் ஒன்பதாவதோட நின்னுட்டாளே, பாவம். எங்கயோ லிஃப்டுக்கு எண்ணெய் போடறாளாமே?" என்று எல்லார் காதிலும் விழும்படி விசாரித்தாள்.

அந்த மரால் இன்று பதினாறு கட்டடங்களின் லிஃப்டுகளுக்குப் பொறுப்பு. ஊரில் புதுக் கட்டடம் எழும்புகிற வேகத்தில் அவளுடைய போன் ஓய்வதில்லை. வெள்ளைக் கார் ஒன்று வாங்கி, ஊரில் வேறு இடமே கிடைக்காததுபோல் பால்ஜானின் சன்னலுக்கு நேர் கீழே நிறுத்துகிறாள். தோல்கினோ சந்தையில் போன் உறை விற்கிறாள். இந்தப் பனிக்காலம் முழுக்க பால்ஜான் அந்தச் சன்னல் திரையை விலக்கவே இல்லை. நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

போன மாதம் லிஃப்ட் வேலை கற்றுத்தரும் பள்ளியில் இலவச வகுப்பு என்று அறிவித்தார்கள். முடித்தால் கையோடு வேலை. கல்லூரிப் படிப்பு இல்லாதவர்களுக்கு மட்டும். "அந்த மராலுக்கு வருதுன்னா எம்பொண்ணுக்கு வராதா?" என்று மனுவை எழுதியது பால்ஜான். ஆனால் ஆசை தோல்கினுடையது. மொட்டை மாடியில் லிஃப்ட் எந்திரம் இருக்கும் அறையில் மரால் வேலை செய்யும்போதெல்லாம் விளக்குப் பிடிக்கிறேன் என்று அவள் ஓடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

பள்ளியிலிருந்து ஓர் அம்மாள் வீட்டுக்கே வந்து அக்கம்பக்கத்தில் விசாரிப்பார் என்று தகவல். எனவே பால்ஜான் காலையிலிருந்து ஒவ்வொரு கதவாகத் தட்டி, "தோல்கின் கல்லூரிப் பக்கமே போனதில்லை, சரியா?" என்று பாடம் நடத்தினாள். பட்டத்தைக் காட்ட அன்று தட்டியதும் இதே கதவுகளைத்தான்.

"அக்கா, நீங்க யார்கிட்டயும் சொல்லமாட்டீங்கல்ல?" என்றாள் என்னிடம்.

"நான் என்னைக்குடி யாரைப் பத்திப் பேசியிருக்கேன்?" என்றேன். இருவருமே சிரிக்காமல் சமாளித்தோம்.

மதியம் லாரிசா என்ற அந்த அம்மாள் வந்தார். ஒரு தட்டு பவுர்சாக் மாவுருண்டை பொரித்து எடுத்துக்கொண்டு நானும் உள்ளே நுழைந்துவிட்டேன். அதிசயம்! உல்பிகே கதவுக்கு எதிரே, மரியாதைக்குரிய இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் கிண்ணத்தில் பாதித் தேநீர்.

"இந்தப் பொண்ணு கல்லூரிக்குப் போனதுண்டா?" என்று லாரிசா அவளைக் கேட்டார்.

உல்பிகே கிண்ணத்தைப் பார்த்தாள், பால்ஜானைப் பார்த்தாள், ஒரு வாய் குடித்தாள். "இல்லம்மா. பாவம், படிப்பு ஏறல. நல்ல பொண்ணு."

தோல்கின் மூச்சு விட்டாள். இடம் கிடைத்த மாதிரிதான். பால்ஜானின் காதுதான் சிவந்தது.

லாரிசா பேனாவை எடுத்தார். "கவலைப்படாதீங்க. மந்தமான பிள்ளைகளையும் நாங்க தேத்திவிட்ருவோம். எங்ககிட்ட படிச்ச மரால் அளவுக்கு மூளையை எதிர்பார்க்க முடியாதுதான். அவ தனி ரகம்."

அவ்வளவுதான். பால்ஜான் எழுந்தாள். மடித்து அடுக்கிய மெத்தைகளுக்கு அடியில் கையை விட்டாள். சிவப்பு அட்டை மேசைவிரிப்பில் வந்து விழுந்தது.

"யாருக்கு மூளையில்ல? பாருங்க! நாலு வருஷம், ஒரு பாடத்துலகூட ஒரு மார்க் குறையல!"

"அம்மா..." என்றாள் தோல்கின்.

லாரிசா பேனாவை மூடினார். பால்ஜான் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் அவருடைய கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பினாள். அவர் குடிக்காமலே கிளம்பினார்.

அன்று உல்பிகே சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு ஏமாற்றம். வீட்டுக்குப் போய் மகளிடம் ஏதோ சொன்னாள். மறுநாள் காலை மராலின் காரில் முன்னிருக்கையில், பழைய மேலங்கியோடு, தோல்கின் உட்கார்ந்திருந்தாள். எடுபிடியாகச் சேர்ந்தவள் ஒன்றரை வருஷம் கழித்து, காசு கட்டித் தேர்வெழுதி, சொந்தமாகச் சான்றிதழ் வாங்கினாள். அந்த அட்டை நீலம். பால்ஜான் அதற்கும் விருந்து வைத்தாள்.

மரால் ஒரு கிரேன் ஓட்டுநரைக் கட்டிக்கொண்டு அஸ்தானாவுக்குப் போனாள். உல்பிகேயும் மகளோடு போய்விட்டாள். கிளம்பும் நாளில் பால்ஜான் அவளுக்குப் பாதிக் கிண்ணமாகவே ஐந்து முறை ஊற்றி, ரயிலைத் தவறவிடவைக்கப் பார்த்தாள். வெள்ளைக் கார் இப்போது தோல்கினுடையது. திரை திறந்தே கிடக்கிறது.

எனக்கு மட்டும் அந்த வீட்டில் இன்னும் விளிம்புவரைதான் ஊற்றுகிறார்கள்.