மேலே நின்ற வரி

“சேமிக்கிற இடத்துல டிக் போட்டாச்சுப்பா. இனிமே கரெண்டு போனாலும் எதுவும் அழியாது” என்று கூறித் திவ்யா விசைப்பலகையைத் தந்தையின் மடியில் வைத்தாள்.

தொண்டை அறுவைக்குப் பின் கணபதிக்குக் கணினித் திரையே நாவாயிற்று. தண்ணீர் வேண்டுமென்றாலும் அந்த ஒற்றைச் சாளரத்தில்தான் எழுதுவார். அடுத்ததை எழுத முந்தையதை அழிப்பார். நெடுநாள் நண்பர் அய்யூபுக்கென்று எழுதிய வரிகளும் அவ்வாறே அழிந்துபோயின. ஆதலால், நகலெடுப்பவற்றையெல்லாம் வரிசையாகக் காத்துவைக்கும் செயலி ஒன்றை அவள் அன்று காலை அந்த லினக்ஸ் கணினியில் நிறுவினாள்.

“எழுதினதும் காப்பி பண்ணிடுங்க. அப்புறம் தைரியமா அழிக்கலாம். புதுசு மேல நிக்கும், பழசு கீழ போகும்.”

கணபதி எழுதினார்: ‘உங்கம்மா மாதிரி. எதையும் மறக்காது.’

பின்னால் நின்ற இந்திராணி படித்துவிட்டாள். “குரல் போயும் நக்கல் போகல.”

அய்யூப் கார் நிக்கோபார் தீவிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தார். மாலையில் இங்கே ஹேடோ துறைமுகத்தில் இறங்குவார். சுனாமிக்குப் பின் கணபதி நன்றியென்று வாயெடுத்த போதெல்லாம், “அரே, விடுங்கண்ணே” என்று பேச்சை மாற்றியவர் அவர். எழுத்தை அவரால் இடைமறிக்க இயலாது.

முற்பகல் முழுதும் கணபதி எழுதினார், இளைப்பாறினார், மீண்டும் எழுதினார். உச்சிவேளையில் மின்சாரம் போயிற்று. இருண்ட திரையைக் கண்டும் அவர் பதறவில்லை. மகளைப் பார்த்துப் புன்முறுவல் பூத்துக் கண்ணயர்ந்தார். மின்விசிறி மறுபடி சுழன்றபோது அவர் விழிக்கவில்லை.

மாலையில் அய்யூப் வந்தார். தோள்பையைக்கூட இறக்காமல் உடலின் அருகே அமர்ந்தார். நெடுநேரம் கழித்துத் திவ்யா, “மாமா, அப்பா உங்களுக்கு எழுதி வச்சிருக்காங்க” என்று கணினியை முடுக்கினாள். செயலியின் விசையை அழுத்தினாள். பட்டியல் விரிந்தது. ஒரு வரியும் குறையவில்லை. கீழிருந்து மேலாகப் படித்தாள்.

“சுனாமி அன்னிக்கு என் காலரப் பிடிச்சு மேட்டுக்கு இழுத்தீங்க. உங்க கடையத் தண்ணி கொண்டுபோச்சு. நீங்க திரும்பிக்கூடப் பாக்கல.”

“கடையில என்னம்மா இருந்துச்சு? சோப்பும் பிஸ்கட்டும்” என்றார் அய்யூப்.

“அப்புறம் கிடைச்ச வருஷமெல்லாம் நீங்க குடுத்தது. திவ்யா பட்டம் வாங்கினதப் பாத்தேன். இந்திராணியோட தினமும் சண்ட போட்டேன். நல்லா இருந்தேன் பாய்.”

அய்யூப் இம்முறை பேச்சை மாற்றவில்லை.

ஒரு வரி எஞ்சியிருந்தது. அதுவே எல்லாவற்றுக்கும் மேலே நின்றது.

“பாய் களைச்சு வருவாரு. இந்திராணி, டீ போட்டுக் குடு. சக்கர தூக்கலா.”

இந்திராணி எழுந்தாள். அடுத்த வீட்டு அலமு அவள் கையைப் பற்றினாள். “உடம்ப எடுக்கிறவரைக்கும் அடுப்பு மூட்டக் கூடாதுடி. நான் எங்க வீட்டுலருந்து கொண்டாரேன்.”

“இருக்கட்டும்க்கா. அவரு என்கிட்டதான சொல்லியிருக்காரு.”

சமையலறையில் தீக்குச்சி உரசும் ஒலி கேட்டது.

அய்யூப் தம்ளரை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். கணபதியின் தலைமாட்டில் அமர்ந்தபடியே மெல்லப் பருகினார். அடியில் கரையாமல் தங்கிய சர்க்கரையையும் தம்ளரைச் சுழற்றிச் சுழற்றிக் குடித்தார்.